மாஸ்க் ஒத்துவரவில்லை, சத்திரசிகிச்சைக்குப் போகலாமா?

கேள்வி: எனக்கு வயது 54. வீடு வெள்ளவத்தையில், இரும்புச் சாமான் கடை புறக்கோட்டையில். உயரம் 5 அடி 6 அங்குலம், நிறை 86 கிலோ. பிரஷருக்கு இரண்டு வகைக் குளிசை எடுக்கிறேன். என் குறட்டை தாங்காமல் மனைவி மகளின் அறைக்குப் போய் இரண்டு வருடமாகிறது. போன வருடம் தூக்கத்தில் மூச்சைப் பதிந்து பார்க்கும் ஸ்லீப் ஸ்டடி செய்ததில் ஏ.எச்.ஐ. 38 என்று வந்தது. தூங்கும்போது மாஸ்க் வழியாகக் காற்று விடும் சீபாப் மெஷின் வாங்கச் சொன்னார்கள். விலையைக் கேட்டுவிட்டு, லண்டனில் சித்தப்பா பாவித்து வைத்திருந்த மெஷினையும் மாஸ்கையும் வருவித்தேன். மூன்று கிழமைக்கு மேல் முடியவில்லை. காற்று கண்ணுக்குள் அடிக்கிறது, காலையில் வாய் பலகை போலக் காய்ந்து கிடக்கிறது, சில நாள் மூக்குக்குள் தண்ணீர் தெறிக்கிறது. விடியப்புறம் மூன்று மணிக்கு என்னை அறியாமலே கழற்றி எறிந்துவிடுவேன். இப்போது ஐந்து மாதமாக மெஷின் அலுமாரிக்குள். நியூ ஜெர்சியில் இருக்கும் மச்சானுக்கு நெஞ்சில் ஒரு கருவி வைத்து ஒப்பரேஷன் செய்திருக்கிறார்கள். ரிமோட்டை அழுத்திவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறார். என்னையும் வரச் சொல்கிறார். சாவகச்சேரிக் காணியை விற்றால் செலவைச் சமாளிக்கலாம். போன மாதம் பம்பலப்பிட்டிச் சந்தியில் சிவப்பு விளக்கில் காரை நிறுத்தியவன் அப்படியே கண்ணயர்ந்துவிட்டேன், பின்னால் நின்ற பஸ் ஹோன் அடித்த பிறகுதான் முழித்தேன். ஒப்பரேஷனுக்குப் போகலாமா டொக்டர்?

பதில்:

பம்பலப்பிட்டியில் நடந்ததை நீங்கள் கடிதத்தின் கடைசியில் எழுதியிருக்கிறீர்கள். நான் அதில்தான் தொடங்க வேண்டும். நிறுத்திய காரில் வந்த தூக்கம் ஓடுகிற காரிலும் வரும். காலி வீதியில் பாடசாலை விடுகிற நேரத்தில் அது வந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்லத் தேவையில்லை. சிகிச்சை சரிப்பட்டு, பகல் தூக்கம் விட்டுப்போகும்வரை ஸ்டியரிங்கில் கை வைக்க வேண்டாம். வெள்ளவத்தை ஸ்டேஷனில் ரயில் ஏறினால் கோட்டையில் இறங்கிக் கடைக்கு நடந்துவிடலாம். இந்த ஒன்றில் மட்டும் உங்களோடு பேரம் பேச மாட்டேன்.

உங்களுக்கு ஏ.எச்.ஐ. 38. அதாவது தூக்கத்தில் மணித்தியாலத்துக்கு 38 தடவை உங்கள் மூச்சு, ஒவ்வொரு முறையும் பத்து விநாடியாவது, நிற்கிறது அல்லது கணிசமாகக் குறைகிறது. ஏழு மணித்தியாலம் தூங்கினால் 266 தடவை. இந்த நோய்க்குத் தூக்க மூச்சுத்தடை (ஸ்லீப் அப்னியா) என்று பெயர். 30ஐத் தாண்டினாலே கடுமையான நிலை என்றுதான் நாங்கள் எடுத்துக்கொள்வோம். விழித்திருக்கும்போது நாக்கையும் தொண்டையையும் இழுத்துப் பிடித்திருக்கும் தசைகள் தூக்கத்தில் தளர்கின்றன. நாக்கு பின்னால் சரிகிறது, வழி அடைபடுகிறது, இரத்தத்தில் ஒட்சிசன் இறங்குகிறது, மூளை பயந்துபோய் உங்களை அரைகுறையாகத் தட்டி எழுப்புகிறது. அந்த ஒவ்வொரு தட்டலிலும் பிரஷர் ஒரு தரம் ஏறி இறங்குகிறது. இரண்டு குளிசை எடுத்தும் பிரஷர் அடங்க மறுக்கிறதென்றால், அதற்கு ஒரு காரணம் இங்கே இருக்கக்கூடும்.

மாஸ்க் என்ன செய்கிறது என்பதைப் பலர் தவறாகப் புரிந்துவைத்திருக்கிறார்கள். அது ஒட்சிசன் கொடுப்பதில்லை. உங்கள் அறையில் இருக்கிற அதே காற்றைத்தான் கொஞ்சம் அழுத்தத்தோடு உள்ளே விடுகிறது. சரிகிற கூரைக்குத் தடி வைத்து முட்டுக்கொடுப்பது போல, அந்தக் காற்று தொண்டையை உள்ளிருந்து தாங்கிப் பிடிக்கிறது. அவுஸ்திரேலியாவில் கொலின் சலிவன் என்ற வைத்தியர், வக்யூம் கிளீனர் மோட்டரைத் திருப்பி வைத்து இதைச் செய்து பார்த்து 1981இல் வெளியிட்டார். நாற்பது வருடத்துக்கு மேலாகியும் முதல் சிகிச்சை அதுதான். சரியான அழுத்தத்தில், முகத்தில் இருக்கும்வரை, பெரும்பாலானவர்களுக்கு ஏ.எச்.ஐ. 5க்குக் கீழே வந்துவிடும். “முகத்தில் இருக்கும்வரை” என்பதில்தான் எல்லாச் சிக்கலும்.

மச்சானுக்கு வைத்தது வேறு வழியில் வேலை செய்கிறது. நாக்கை அசைக்கும் நரம்பு ஒன்று தாடைக்குக் கீழே ஓடுகிறது, மண்டையோட்டு நரம்புகளில் பன்னிரண்டாவது. அதில் ஒரு சிறு கம்பியைச் சுற்றி, காறை எலும்புக்குக் கீழே தோலுக்குள் பற்றரியோடு ஒரு கருவியை வைக்கிறார்கள். பார்வைக்கு இதயத்துக்கு வைக்கும் பேஸ்மேக்கர் மாதிரி. இரவில் ரிமோட்டால் இயக்கினால், மூச்சுக்கு ஏற்ப அந்த நரம்பைத் தூண்டி நாக்கை முன்னே தள்ளி வைக்கும். இன்ஸ்பையர் என்ற கருவிக்கு அமெரிக்காவில் 2014இல் அனுமதி கிடைத்தது. அதற்கு அடிப்படையான ஸ்டார் ஆய்வில் மாஸ்க் ஒத்துவராத 126 பேருக்குக் கருவி வைத்தார்கள். ஓராண்டு கழித்து ஏ.எச்.ஐ.யின் நடுமதிப்பு 29.3இலிருந்து 9.0க்கு இறங்கியது. மூன்றில் இரண்டு பங்கினருக்கு ஏ.எச்.ஐ. பாதிக்கும் கீழே போய், 20க்கும் குறைவாக வந்தது. மிச்சம் மூன்றில் ஒரு பங்கினருக்கு அந்த அளவுக்குப் பலன் இல்லை. அதுவும் ஆட்களைப் பொறுக்கியெடுத்துச் செய்த ஆய்வில்.

இந்த எண்களை மட்டும் பார்த்தால், 5க்குக் கீழே கொண்டுவரும் மாஸ்க்தான் மேல் என்று சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் அது நியாயமான ஒப்பீடு இல்லை. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஏழு மணித்தியாலத் தூக்கத்தில் நான்கு மணித்தியாலம் மாஸ்க் போடுகிறீர்கள், அப்போது ஏ.எச்.ஐ. 3. கழற்றிய மூன்று மணித்தியாலமும் பழையபடி 38. இரவு முழுவதற்கும் சராசரி எடுத்தால் 18. முழு இரவும் 9இல் வைத்திருக்கிற கருவி இந்த இடத்தில் ஜெயித்துவிடும். அதே மாஸ்கை ஆறரை மணித்தியாலம் போட்டால் சராசரி 5.5. அப்போது கருவி பின்னுக்குப் போய்விடும். இன்னொன்றும் இருக்கிறது. கனவு காணும் தூக்கம் விடியப்புறம்தான் அதிகம் வரும். அந்த நேரத்தில் தசைகள் இன்னும் தளர்வதால் மூச்சுத்தடையும் பலருக்கு அப்போதுதான் மோசமாகும். நீங்கள் மாஸ்கைக் கழற்றி எறிவது சரியாக அந்த மூன்று மணிக்கு.

மணித்தியாலக் கணக்கை நான் இவ்வளவு அழுத்திச் சொல்ல ஒரு காரணம் உண்டு. ஏற்கெனவே இதய நோயோ பாரிசவாதமோ வந்திருந்த 2,717 பேரை வைத்துச் செய்த சேவ் என்ற ஆய்வு 2016இல் வெளிவந்தது. மாஸ்க் பாவித்தவர்களுக்குப் பகல் தூக்கம் குறைந்தது, மனநிலை தெளிந்தது. ஆனால் மாரடைப்பும் பாரிசவாதமும் குறையவில்லை. அவர்கள் சராசரியாக இரவுக்கு 3.3 மணித்தியாலம்தான் போட்டிருந்தார்கள். ஆகவே மாஸ்க் போட்டால் மாரடைப்பு வராது என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். தூக்கக் கலக்கம் போகும், பிரஷர் கொஞ்சம் இறங்கும், சந்தியில் கண்ணயர மாட்டீர்கள் என்று சொல்வேன். அதற்கும் மணித்தியாலம் வேண்டும்.

சரி, இனி உங்கள் கதைக்கு வருவோம். கடிதத்தை இரண்டு முறை வாசித்தேன். நீங்கள் பாவித்துப் பார்த்தது சித்தப்பாவின் சிகிச்சை. உங்களுடையது இன்னும் தொடங்கவேயில்லை. மெஷினின் அழுத்தத்தைப் பொதுவாக 4 முதல் 20 சென்ரிமீற்றர் நீரழுத்தம் வரை வைக்கலாம். சித்தப்பாவுக்கு 14 தேவைப்பட்டிருக்கலாம், உங்களுக்கு 9 போதுமாக இருக்கலாம். அவருடைய எண்ணிலேயே மெஷின் ஓடியிருந்தால் காற்று கண்ணுக்குள் அடிக்காமல் என்ன செய்யும்? அவர் முகத்துக்குப் பொருந்திப் பழகிய சிலிக்கன் மெத்தை உங்கள் மூக்குத்தண்டில் எப்படி உட்காரும்? வெளிநாட்டிலிருந்து சொந்தக்காரர் அனுப்பும் மெஷின்கள் கொழும்பில் நிறையவே இருக்கின்றன. அனுப்புகிறவர்களின் அன்பைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பிலிப்ஸ் நிறுவனம் 2021 ஜூனில் தன்னுடைய பல மொடல்களைத் திரும்பப் பெற்றது. சத்தத்தைக் குறைக்க உள்ளே வைத்த நுரைப்பஞ்சு சிதைந்து காற்றோடு வரக்கூடும் என்பதே காரணம். முதல் தலைமுறை ட்ரீம்ஸ்டேஷனும் அதில் அடக்கம். உங்களிடம் இருப்பது எந்த மொடல் என்று முதலில் பாருங்கள். அந்தப் பட்டியலில் இருந்தால் அதைத் திரும்பப் போட வேண்டாம்.

நீங்கள் சொன்ன தொல்லைகள் ஒவ்வொன்றுக்கும் விளக்கம் இருக்கிறது. காற்று கண்ணுக்குள் அடிப்பது மூக்குத்தண்டுப் பக்கம் ஒழுகுவதால். உடனே எல்லோரும் பட்டியை இறுக்குவார்கள். இறுக்க இறுக்க மெத்தை மடிந்து இன்னும் ஒழுகும், மூக்கில் தழும்பும் விழும். வாய் காய்வது, மூக்கடைப்பினால் வாயைத் திறந்து தூங்குவதால். வீட்டில் தூசியோ நாய், பூனையோ இருந்து காலையில் தும்மல் வருகிறதென்றால், மூக்குக்கு அடிக்கும் ஸ்பிரேயை வைத்தியரிடம் கேட்டு ஒரு மாதம் பாவித்துப் பாருங்கள், மாஸ்க் வேறொரு பொருளாகத் தெரியும். மூக்குக்குள் தண்ணீர் தெறிப்பது கொழும்பு வீடுகளில் நான் அடிக்கடி கேட்கும் முறைப்பாடு. ஏசியை 20இல் போட்டுவிட்டு, மெஷினின் ஈரப்பதன் பெட்டியைக் கூட்டி வைத்தால், சூடான ஈரக்காற்று குளிர்ந்த குழாயில் பட்டுத் தண்ணீராகிவிடும். ஈரப்பதனைக் குறையுங்கள், ஏசியை 25, 26இல் வையுங்கள், குழாய்க்குத் துணி உறை போடுங்கள், மெஷினைக் கட்டிலின் உயரத்துக்குக் கீழே வையுங்கள். ஃபேன் மட்டும் போட்டுத் தூங்குகிறவர்களுக்கு நம் ஊர்க் காற்றில் அந்தப் பெட்டி பெரும்பாலும் தேவையே இல்லை. தேவைப்பட்டால் காய்ச்சி வடித்த நீர் ஊற்றுங்கள். பெற்றோல் செட்டில் கார் பற்றரிக்கு விற்கும் தண்ணீர் வேண்டாம். அப்புறம், இரவில் தலைக்கும் முகத்துக்கும் எண்ணெய் வைக்கும் பழக்கம் இருந்தால் அதைக் காலைக்கு மாற்றுங்கள். எண்ணெய் பட்ட சிலிக்கன் வழுக்கும், விரைவில் கெட்டும் போகும்.

இரண்டு வருடத்துக்கு முன் ஓர் ஆசிரியை வந்தார். மூக்குத்தண்டில் கருநீலத் தழும்பு, பையில் மாஸ்க். “இனி இதைப் போடச் சொல்லாதேங்கோ டொக்டர்” என்பதுதான் அவருடைய முதல் வார்த்தை. போடச் சொல்லவில்லை, பரிசோதனைக் கட்டிலில் படுக்க மட்டும் சொன்னேன். கதிரையில் இருந்து அளவு பார்த்துக் கொடுத்த மாஸ்க் அது. படுத்ததும் கன்னச் சதை பக்கவாட்டில் சரிகிறது, மாஸ்கின் விளிம்பு ஒரு பக்கம் தூக்கிக்கொள்கிறது. இருந்த நிலையில் எங்களுக்கு அது தெரியவில்லை. மூக்குத் துவாரத்தில் மட்டும் உட்காரும் சிறிய வகையை மாற்றி, மெஷினை ஓடவிட்டு, பட்டியை இரண்டு விரல் நுழையும் அளவுக்குத் தளர்த்தினோம். நான் பக்கத்து அறைக்குப் போய்வரப் பத்து நிமிடம் ஆகியிருக்கும். திரும்பி வந்தபோது அவர் தூங்கியிருந்தார். எழுப்ப மனம் வரவில்லை, அடுத்த நோயாளியை வேறு அறையில் பார்த்தேன்.

எல்லோருக்கும் இப்படி முடிவதில்லை. வன்னியிலிருந்து வந்த ஒருவர், யுத்த காலத்தில் பதுங்குகுழியில் மண் சரிந்து மூடுண்டு மீண்டவர். முகத்தில் எது மூடினாலும் அவருக்கு அந்த மண்ணின் ஞாபகம் வந்துவிடும். மூன்று வகை மாஸ்க் பார்த்தோம், மனநல வைத்தியரோடு சேர்ந்தும் முயன்றோம். ஆறாவது மாதத்தில் நானே நிறுத்தினேன். இன்னும் கொஞ்சம் பொறுங்கள் என்று அவரைக் கேட்க எனக்கு உரிமை இருந்ததாக நினைக்கவில்லை. நாக்கைத் தூண்டும் கருவி இப்படிப்பட்டவர்களுக்குத்தான் உண்மையான வரம். நான் அந்தச் சத்திரசிகிச்சைக்கு எதிரி இல்லை. உங்கள் முறை இன்னும் வரவில்லை என்றுதான் சொல்கிறேன்.

வந்தாலும், நீங்கள் தகுதியானவரா என்பது உங்கள் கையிலோ மச்சான் கையிலோ இல்லை. ஏ.எச்.ஐ. 38, பி.எம்.ஐ. (உயரத்தோடு ஒப்பிட்ட நிறைக் கணக்கு) 31 அளவில். கடதாசியில் பார்த்தால் வாய்ப்பு இருக்கிறது. ஸ்டார் ஆய்வில் பி.எம்.ஐ. 32க்கு மேற்பட்டவர்களைச் சேர்க்கவே இல்லை, நீங்கள் அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் நிற்கிறீர்கள். மயக்க மருந்தில் தூங்கவைத்து, மூக்கு வழியாக மெல்லிய கமெரா விட்டு, தொண்டை எப்படி மூடுகிறது என்றும் பார்ப்பார்கள். முன்பின்னாக மூடினால் நல்லது. மெல்லண்ணம் (வாயின் மேற்பக்கத்தின் மென்மையான பின்பகுதி) இருக்கும் இடத்தில் சுருக்குப்பையின் வாயைப் போலச் சுற்றிவரச் சுருங்கினால், நாக்கை முன்னே தள்ளிப் பெரிய பயன் இல்லை. இந்தச் சோதனைக்கு முன் காணிக்கு விலை பேசுவது சரியில்லை.

அதற்கும் மேலே எனக்குக் கவலை தருவது, நீங்கள் இதை ஒரு நாள் காரியமாக நினைப்பது. கருவியை வைத்தவுடன் இயக்க மாட்டார்கள். காயம் ஆற ஏறக்குறைய ஒரு மாதம் விட்டுத்தான் இயக்குவார்கள். பிறகு தூண்டும் அளவைப் படிப்படியாகக் கூட்டி, இன்னொரு ஸ்லீப் ஸ்டடி செய்து சரிபார்க்க வேண்டும். சிலருக்கு நாக்கு முன்பற்களில் உரசிப் புண்ணாகும், சிலருக்குச் சில காலம் நாக்கு பலவீனமாக இருக்கும், சிலருக்குக் கம்பியை மறுபடி சரிசெய்ய இன்னொரு சத்திரசிகிச்சை தேவைப்படும். பற்றரி சுமார் 11 வருடம் வரும். 65 வயதில் அதை மாற்ற மறுபடியும் கத்தி வைக்க வேண்டும். இடையில் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் தேவைப்பட்டால் கருவியின் மொடலைப் பார்த்துத்தான் எடுக்கலாம். மச்சானுக்கு இதெல்லாம் கார் ஓட்டிப் போகும் தூரத்தில் இருக்கிறது. நீங்கள் வெள்ளவத்தையில் இருந்துகொண்டு, நியூ ஜெர்சியில் இருக்கும் கிளினிக்கோடு பதினொரு வருடம் குடும்பம் நடத்த வேண்டும். அமெரிக்கக் காப்புறுதி இல்லாமல் போனால் செலவு பல பத்தாயிரம் டொலர், ஒவ்வொரு திரும்பப் போதலுக்கும் விமானச் சீட்டு வேறு. ஆகவே எந்த வைத்தியசாலையானாலும் ஒரு கேள்விக்கு எழுத்தில் பதில் வாங்குங்கள்: கருவியின் அளவைச் சரிசெய்யும் சாதனமும் அதைக் கையாளத் தெரிந்தவரும் எனக்கு எங்கே கிடைப்பார்கள்? “கொழும்பில், இன்னாரிடம்” என்று பதில் வராதவரை காணி உங்கள் பெயரிலேயே இருக்கட்டும்.

கருவிக்குச் சாதகமான ஒன்றையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். 2022 மார்ச் முடிவில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் இல்லாமல் இருந்ததே, அந்த நாட்களில் என்னுடைய மாஸ்க் நோயாளிகள் பட்ட பாட்டை நான் மறக்கவில்லை. நெஞ்சுக்குள் பற்றரி இருப்பவருக்கு அந்தக் கவலை கிடையாது. மாஸ்கோடு போகிறவர்கள் மெஷினுக்குப் பொருத்தமான பற்றரி ஒன்றைப் பக்கத்தில் வைத்திருப்பது நல்லது. ஈரப்பதனை நிறுத்திவிட்டால் அது நெடுநேரம் தாங்கும்.

நிறையைப் பற்றி ஒரு வார்த்தை. நம்மவர்களின் தாடை, கழுத்து அமைப்புக்கு, வெள்ளைக்காரர்களை விடக் குறைந்த நிறையிலேயே இந்த நோய் வரும். உடல் நிறையில் 10 சதவீதம், உங்கள் கணக்கில் எட்டரைக் கிலோ, குறைந்தால் ஏ.எச்.ஐ. சுமார் கால்வாசி இறங்கும் என்று எதிர்பார்க்கலாம். அது மட்டும் போதாது, ஆனால் மாஸ்கின் அழுத்தத்தைக் குறைக்க உதவும், பிறகு ஒரு நாள் சத்திரசிகிச்சைக்குப் போனாலும் உதவும். டிர்செபடைட் என்ற ஊசிமருந்துக்கு, உடற்பருமனோடு மிதமான அல்லது கடுமையான மூச்சுத்தடை உள்ளவர்களுக்கென அமெரிக்காவில் 2024 டிசம்பரில் அனுமதி கொடுத்தார்கள். வைத்தியரின் மேற்பார்வை இல்லாமல் அதைத் தேடிப் போக வேண்டாம். கீழ்த்தாடையை முன்னே இழுத்துப் பிடிக்கும் பல் கருவி 38க்கு இரண்டாம் பட்சம்தான், என்றாலும் மாஸ்க் முடியாதவருக்கு அது வெறும் கையை விட மேல். மல்லாந்து படுப்பதைத் தவிருங்கள். இரவில் மதுவும் தூக்கக் குளிசையும் வேண்டாம், இரண்டும் தொண்டைத் தசையை இன்னும் தளர்த்தும்.

இந்தக் கிழமையே செய்ய வேண்டியது இதுதான். ஸ்லீப் ஸ்டடி செய்த இடத்தில் முழு அறிக்கையையும் கேட்டு வாங்குங்கள், முதல் பக்கம் மட்டும் போதாது. மெஷின், குழாய், மாஸ்க், கரண்ட் வயர் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு சுவாசநோய் நிபுணர் ஒருவரைப் பாருங்கள். மெஷின் திரும்பப் பெற்ற மொடலாக இல்லாவிட்டால், உங்கள் அழுத்தத்துக்கு மாற்றிக் கொடுப்பார். அந்த மெஷினே வேண்டாம் என்றால் ஒன்றை வாடகைக்கு எடுக்க முடியுமா என்று கேளுங்கள். மாஸ்க் மட்டும் புதிதாக, உங்கள் முகத்துக்கு, படுத்த நிலையில் அளவு பார்த்து வாங்குங்கள். முதல் கிழமை தூங்குவதற்காகப் போட வேண்டாம். இரவு எட்டு மணிச் செய்தி பார்க்கும்போது மெஷினை ஓடவிட்டு இருபது நிமிடம் போட்டுக்கொண்டிருங்கள். முகம் பழகிய பிறகு கட்டிலுக்கு எடுத்துப் போங்கள். மூன்று மாதம் கொடுங்கள். எத்தனை மணித்தியாலம் போட்டீர்கள், எவ்வளவு ஒழுகியது, மாஸ்க் போட்டும் மிச்சமிருக்கும் ஏ.எச்.ஐ. என்ன என்பதையெல்லாம் மெஷினே பதிந்து வைத்திருக்கும். அந்தப் பதிவைப் பார்த்தும் ஆறு மணித்தியாலம் எட்டவில்லை என்றால் மறுபடி எழுதுங்கள், கமெராச் சோதனையைப் பற்றி அப்போது பேசுவோம்.

வைத்தியரிடம் போகும்போது மனைவியையும் கூட்டிக்கொண்டு போங்கள். உங்கள் மூச்சு நிற்பதைக் கண்ணால் பார்த்தவர் அவர் ஒருவர்தான். கார்ச்சாவியையும் அதுவரை அவரே வைத்திருக்கட்டும்.